சிப் செய்திகளில் விடுபடும் பகுதி

ஆசிரியருக்கு வணக்கம்.

சிப் தயாரிப்பு குறித்த செய்திகள் பெரும்பாலும் சிப்பின் நுண்மையைக் குறிக்கும் நானோமீட்டர் கணக்கோடு நின்றுவிடுகின்றன. சிலிக்கான் தகட்டிலிருந்து சிப்பை வெட்டியெடுத்த பிறகு, அதற்கு உறையிட்டு வெளிச்சுற்றோடு இணைக்கும் பேக்கேஜிங் பணியை, ஏதோ பெட்டியில் அடைக்கும் வேலை போல ஒரே வரியில் கடந்துவிடுகிறார்கள். சிப்புக்கு மின்சாரம் செல்வதும், அதிலிருந்து தரவும் வெப்பமும் வெளியேறுவதும் அந்த உறை வழியாகத்தான்.

ஏறத்தாழ 25 மைக்ரோமீட்டர் தடிமனுள்ள தங்கக் கம்பிகளாலோ செம்புக் கம்பிகளாலோ சிப்பின் விளிம்பை வெளிக்கால்களோடு இணைக்கும் முறை இன்றும் பரவலாக உள்ளது. இணைப்புகள் ஆயிரக்கணக்கில் பெருகும்போது விளிம்பில் இடம் போதாது என்பதால், சிப்பைக் கவிழ்த்து, அதன் பரப்பெங்கும் சிறு பற்றாசு (சால்டர்) உருண்டைகளை வைத்து இணைக்கிறார்கள். இந்த ஃபிளிப் சிப் முறைக்கு ஐபிஎம் நிறுவனம் 1960-களிலேயே அடித்தளமிட்டது.

இதில் பெருந்தொல்லை வெப்பமே. சிலிக்கான் சூட்டில் மிகக் குறைவாகவே விரிகிறது. கண்ணாடியிழைச் சுற்றுப்பலகையோ அதைப்போல் ஐந்தாறு மடங்கு விரிகிறது. கருவி சூடேறிக் குளிரும் ஒவ்வொரு முறையும் இடையில் உள்ள பற்றாசு இழுபட்டு, காலப்போக்கில் விரிசல் விடுகிறது. அதைத் தடுக்கவே இடைவெளியில் எப்பாக்சி பிசினை நிரப்புகிறார்கள். (பழுதுபார்ப்பவர்களுக்கு அந்தச் சிப்பைக் கழற்றுவது பெரும்பாடு என்பது வேறு விஷயம்.)

ஒரே பெரிய சிப்புக்குப் பதிலாகப் சிப்லெட் எனப்படும் பல சிறு சிப்புகளை ஓர் உறைக்குள் இணைப்பதும், நினைவகச் சிப்புகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குவதும் பெருகிவரும் நிலையில், செயலியின் வேகத்தை உறையமைப்பும் தீர்மானிக்கிறது. எனவே, இத்தகைய செய்திகளில் பேக்கேஜிங் முறையையும் குறிப்பிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

தங்கள் வாசகர்