மஞ்சள் தண்ணீர் போய்ச் சேர்ந்த இடம்

கொழும்பு வெள்ளவத்தை, பாமன்கடைத் தொடர்மாடிகளின் முகாமைத்துவக் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரியவர்களுக்கு,

வணக்கம். பாமன்கடையில் தொடர்மாடி ஒன்றில் இருபத்தாறு வருடங்களாகக் குடியிருக்கிறேன். அதில் நான்கு வருடம் எங்கள் கட்டடத்தின் பொருளாளராக இருந்தேன். லிஃப்ட் பழுது, தண்ணீர்த் தாங்கி கழுவுவது, காவலாளியின் சம்பளம், வாகனம் நிறுத்தும் இடத்துக்கான சண்டை என்றே கூட்டங்கள் முடிந்தன. எங்கள் கழிவுநீர் எங்கே போகிறது என்ற கேள்வி ஒரு கூட்டத்திலும் எழவில்லை. அதை நானும் எழுப்பவில்லை.

போன வருட மாசியில் ஒரு காலை அந்தக் கேள்வி தானாகவே காலடியில் வந்து நின்றது. மூன்று கிழமைகளாக ஒரு சொட்டு மழை இல்லை. ஆனால் எங்கள் ஒழுங்கையின் கானில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. அது மழைநீருக்கென்று கட்டிய கான். மழையே இல்லாத நாளில் அதில் ஓடுவது யாருடைய தண்ணீர்?

ஒரு வாளியில் நான்கு மேசைக்கரண்டி மஞ்சள் தூளைக் கரைத்தோம். மூன்றாம் மாடியில், எங்கள் சமையலறைத் தொட்டியில் என் மனைவி அதை ஊற்றினார். நான் கீழே கானின் சிமெந்து மூடியைப் புரட்டி வைத்துவிட்டுக் குந்தியிருந்தேன். ஒரு நிமிடம் ஆகியிருக்கும். வந்துவிட்டது. வந்த தண்ணீர் மஞ்சளாக இல்லை, செங்கல் சிவப்பாக இருந்தது. வேறு எந்த வீட்டிலோ சலவை இயந்திரம் ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. சவர்க்காரம் பட்டால் மஞ்சள் சிவக்கும் என்பது வெள்ளைச் சட்டையில் கறி சிந்திய எல்லோருக்கும் தெரியும். அந்தச் சிவப்புத் தண்ணீர் நுரையோடு ஒழுங்கையின் முடிவுவரை போய், கால்வாய்க் கரையிலுள்ள ஒரு குழாய் வாயால் விழுந்தது. அந்த வாயின் கீழே நீர்க்காகம் ஒன்று சிறகை விரித்து உலர்த்திக்கொண்டு நின்றது.

கட்டடத்தைக் கட்டியவர்கள் மலசலகூடக் குழாயை ஒழுங்காக நகரத்தின் நிலக்கீழ்க் கழிவுநீர்க் குழாயோடு இணைத்திருக்கிறார்கள். சமையலறைக் குழாயையும் சலவைக் குழாயையும் மழைநீர்க் குழாயில் செருகிவிட்டுப் போயிருக்கிறார்கள். இருபது வருடங்களுக்கு மேலாக நாற்பது குடும்பங்களின் எண்ணெயும் சவர்க்காரமும் நேரே வெள்ளவத்தைக் கால்வாய்க்குப் போயிருக்கின்றன.

இந்த இரண்டு குழாய்களும் ஒன்றல்ல. நகரத்தின் கழிவுநீர்க் குழாய்த் தொகுதி 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இடப்பட்டது. கழிவுநீரைச் சேர்த்து, பம்பிகளால் தள்ளி, நகரத்துக்கு வெளியே கொண்டுபோவதற்காக அமைக்கப்பட்டது. வீதியோரக் கானுக்கோ வடிகட்டியும் இல்லை, சுத்திகரிப்பும் இல்லை. அதில் விழுவது எதுவானாலும் விழுந்தபடியே கால்வாய்க்குள் போகும்.

கால்வாயைச் சாக்கடை என்றே நம்மில் பலர் சொல்லிப் பழகிவிட்டோம். அது என்னை வருத்துகிறது. கொழும்பின் நிலக்கிடப்பைச் சற்று நினைத்துப் பாருங்கள். காலி வீதியும் ரயில் பாதையும் கடலோரமாகக் கொஞ்சம் மேடான நிலத்தில் போகின்றன. உள்ளே போகப் போக, நாவலை, கோட்டே, பத்தரமுல்லைப் பக்கம் நிலம் தாழ்ந்து சதுப்பாகிவிடுகிறது. ஆகவே மழைநீர் நேரே மேற்கே ஓடிக் கடலில் விழுவதில்லை. உள்ளே போய்ச் சதுப்பில் தங்கி, வெட்டப்பட்ட வாய்க்கால்கள் வழியாகவே வெளியேறுகிறது. கிருலப்பனைக் கால்வாய் இந்தப் பக்கம் வந்து இரண்டாகப் பிரிகிறது. ஒரு கிளை தெகிவளையில் கடலைச் சேர்கிறது. மற்றது நம்முடையது. காலி வீதிப் பாலத்தின் கீழாகவும் ரயில் பாலத்தின் கீழாகவும் நுழைந்து கடலுக்குப் போகிறது. வடக்கே களனி ஆறு பெருகிவிட்டால் அந்தப் பக்க மதகுகளை மூட வேண்டும், இல்லையேல் ஆறே நகருக்குள் வந்துவிடும். அப்படியான நாட்களில் தெற்கே உள்ள இந்தச் சிறிய வாய்களை நம்பித்தான் நகரம் இருக்கிறது.

1992 யூன் 4ஆம் திகதியை மறக்காதவர்கள் உங்களிலும் இருப்பீர்கள். ஒரே நாளில் 490 மில்லிமீற்றருக்கு மேல் மழை. ஒரு வருடம் முழுக்கக் கொழும்பில் பெய்கிற மழையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு அது. 2010 நவம்பரில் பாராளுமன்ற வளாகத்துக்குள்ளேயே வெள்ளம் புகுந்தது. 1990களில் ஜப்பானின் கடனுதவியோடு கால்வாய்களை அகலமாக்கி, கரைகளைக் கட்டினார்கள். கரையோரம் குடியிருந்த ஏழைக் குடும்பங்களை வேறிடங்களுக்கு அனுப்பினார்கள். நம் வீடுகளுக்குள் வெள்ளம் வராமலிருக்க வீட்டை விட்டுப் போனவர்கள் அவர்கள். அவர்கள் விட்டுப்போன கரையில் இன்று நம் குழாய்களின் வாய்கள் திறந்திருக்கின்றன. இதை எழுதும்போது எனக்குக் கூசுகிறது.

1656இல் கொழும்பைப் போர்த்துக்கேயரிடமிருந்து பிடித்த ஒல்லாந்தர், மேற்குக் கரையோரத்தில் இருந்த ஓடைகளையும் களப்புகளையும் கால்வாய்களால் இணைத்தார்கள். கறுவாவும் தேங்காயும் தட்டையடி வள்ளங்களில் போய்வந்தன. பின்னர் ஹவ்லொக் வீதியில் வெள்ளவத்தை நூற்பு நெசவாலை எழுந்தது. 1933இல் அங்கே நடந்த வேலைநிறுத்தம் இந்த நாட்டின் தொழிலாளர் வரலாற்றில் எழுதப்பட்டிருக்கிறது. அந்த ஆலை நின்ற நிலத்தில் இப்போது கோபுரத் தொடர்மாடிகள் நிற்கின்றன. நம் ஒழுங்கைகளின் கதையும் அதுவே. வடக்கிலிருந்து இடம்பெயர்ந்து வந்தவர்களும், வெளிநாட்டுப் பிள்ளைகள் அனுப்பிய பணத்தில் வீடு வாங்கியவர்களும் இங்கே நிறைந்தபோது, முற்றமும் கிணறும் தென்னையும் இருந்த ஒரு குடும்பத்து வளவு நாற்பது சமையலறைகளாகிவிட்டது. மழையை உறிஞ்சிய மண்ணும் சிமெந்துக்குக் கீழே போய்விட்டது.

கால்வாய் ஏன் நாறுகிறது என்று கேட்பவர்களுக்குச் சொல்கிறேன். சோற்றுக் கஞ்சி, எண்ணெய், மீன் கழுவிய தண்ணீர் எல்லாமே பக்ரீரியாக்களுக்கு உணவு. அவை பெருகும்போது நீரில் கரைந்திருக்கும் ஒட்சிசனைத் தின்று தீர்த்துவிடுகின்றன. ஒட்சிசன் முடிந்த பிறகு வேறு வகைப் பக்ரீரியாக்கள் சல்பேற்றை எடுத்துக்கொண்டு ஐதரசன் சல்பைட்டை வெளிவிடுகின்றன. கூழ்முட்டை நாற்றம் அதுதான். கடல்நீரில் சல்பேற்று தாராளமாக உண்டு. அதனால் கடல்நீர் ஏறி வருகிற கழிமுகத்துப் பக்கத்தில், அதாவது நாம் இருக்கும் பக்கத்தில், நாற்றம் இன்னும் கடுமையாகிறது. அடிச்சேறு கறுப்பாவதும் இதே சல்பைட்டு இரும்போடு சேர்வதால்தான். கடல் வந்து கழுவிக்கொண்டு போகும் என்று நம்பவும் முடியாது. கொழும்பில் ஏற்றத்துக்கும் வற்றுக்கும் இடையிலான வித்தியாசம் ஒரு மீற்றருக்கும் குறைவு. தென்மேல் பருவக்காற்றுக் காலத்தில் அலை மணலைக் கொண்டுவந்து வாயையே அடைத்துவிடுகிறது, இயந்திரம் வைத்து வெட்ட வேண்டியிருக்கிறது. அந்த நாட்களில் நாம் விட்டது நம் வாசலிலேயே தங்கிக் கிடக்கும்.

டெங்குக்குக் காரணம் கால்வாய்தான் என்று எங்கள் கூட்டத்தில் ஒருவர் அடித்துச் சொன்னார். டெங்கு நுளம்பு தெளிந்த தேங்கிய நீரைத் தேடும். அது நம் பூச்சாடித் தட்டிலும் கூரைப் பீலியிலும் இருக்கிறது. அதையும் பாருங்கள்.

இத்தனைக்குப் பிறகும் கால்வாய் சாகவில்லை. காலையில் பாலத்தில் நின்றால் கொக்கு வரும், மீன்கொத்தி வரும். கபரகொய்யா என்னும் நீர் உடும்பு ஒன்று தலையை மட்டும் வெளியே நீட்டி, கரையோரமாக அவசரமில்லாமல் நீந்திப் போகும். தட்டைப் படகில் நின்றபடி ஆகாயத்தாமரையையும் பிளாஸ்ரிக் போத்தல்களையும் வாரி எடுக்கும் தொழிலாளர்களும் வருவார்கள். ஆகாயத்தாமரையை ஒழிக்க இந்த நாட்டில் 1909இலேயே சட்டம் போட்டார்கள். ஆனால் நம் சவர்க்காரத்திலும் கழிவிலும் உள்ள பொசுபேற்றும் நைத்திரேற்றும் அதற்கு நல்ல பசளை. அவர்கள் ஒரு பக்கம் அள்ள, நாம் மறுபக்கம் பசளை போடுகிறோம். 2018இல், ஈரநிலங்களைக் காப்பதற்கான ராம்சார் உடன்படிக்கையின் கீழ் உலகில் முதன்முதலாக ஈரநில நகரங்களாக ஏற்கப்பட்ட 18 நகரங்களில் கொழும்பும் ஒன்று. அந்தப் பெயருக்கு நம் ஒழுங்கையும் பொறுப்பு.

மாநகர சபைக்கும், கால்வாய்களைப் பராமரிக்கும் காணி அபிவிருத்திக் கூட்டுத்தாபனத்துக்கும் எழுத வேண்டியவை நிறைய இருக்கின்றன. அவற்றைத் தனியாக எழுதுவேன். இந்த மடலை உங்களுக்கு எழுதுவதற்குக் காரணம் உண்டு. 1973ஆம் ஆண்டின் தொடர்மாடி உரித்துச் சட்டத்தின்படி கட்டடத்தின் பொதுக் குழாய்கள் முகாமைத்துவக் குழுவின் பொறுப்பில் இருக்கின்றன. அனுமதியில்லாமல் நீர்நிலைகளில் கழிவு விடுவதை 1980ஆம் ஆண்டின் 47ஆம் இலக்கத் தேசிய சுற்றாடல் சட்டம் தடை செய்கிறது. வழக்கு வரும் என்று பயமுறுத்த இதைச் சொல்லவில்லை. செய்யும் அதிகாரம் உங்கள் கையில் இருக்கிறது என்பதற்காகச் சொல்கிறேன்.

நான் கேட்பது இதுதான். இரண்டு கிழமை மழையில்லாமல் இருக்கும்போது உங்கள் வாசல் கானைத் திறந்து பாருங்கள். ஓடினால், மாடிகளிலிருந்து இறங்கும் ஒவ்வொரு குழாயாக மஞ்சளை ஊற்றிப் பாருங்கள். எது தவறான இடத்துக்குப் போகிறது என்று தெரிந்ததும், மாநகர சபையிடம் எழுத்தில் அனுமதி பெற்று, அதைக் கழிவுநீர்க் குழாய்க்கு மாற்றுங்கள். கீழ்த் தளத்தில் சாப்பாட்டுக் கடை இருந்தால் எண்ணெய் பிரிக்கும் தொட்டி இருக்கிறதா, அதை யாராவது துப்புரவாக்குகிறார்களா என்று கேளுங்கள். எங்கள் கட்டடத்தில் மூன்று குழாய்களை மாற்ற வேண்டியிருந்தது. ஒரு வீட்டுக்கு வந்த பங்கு இரண்டு மாதப் பராமரிப்புக் கட்டணத்துக்கும் குறைவு. ஆனால் அதற்குச் சம்மதம் வாங்க ஐந்து மாதம் சென்றது. முதல் கூட்டத்தில் என்னோடு கைதூக்கியவர் இரண்டாம் மாடி ஆச்சி ஒருவர் மட்டுமே. கலியாணமாகி இங்கே வந்த காலத்தில் இந்தக் கால்வாயில் பொடியன்கள் குதித்து நீந்தியதைத் தான் பார்த்ததாக அவர் சொன்னார். ஐந்தாம் கூட்டத்தில் பெரும்பான்மை கிடைத்தது.

இந்த மாசியிலும் மழையில்லை. எங்கள் கானின் மூடியைத் திறந்து பார்த்தேன். காய்ந்து கிடந்தது, அடியில் எறும்புகள் ஊர்ந்தன. அடுத்த இரண்டு கட்டடங்களின் கான்கள் ஓடிக்கொண்டிருக்கின்றன.

சனிக்கிழமைக் காலைகளில் எனக்கு வேலையில்லை. அழைத்தால் வாளியோடும் மஞ்சளோடும் வருகிறேன்.

இப்படிக்கு,
பாமன்கடைத் தொடர்மாடிவாசி ஒருவர்