முகாம் வாசலில் கைபேசிக்கு ஓய்வு

ஆசிரியருக்கு,

விடுமுறையில் கைபேசியே கதியெனக் கிடக்கும் பிள்ளைகள் குறித்த தங்கள் தலையங்கம் காலத்தே வந்தது. திட்டிப் பறிப்பதால் பயனில்லை; பிள்ளையின் கைக்கு வேறு வேலை தர வேண்டும். 2014இல் வெளியான கலிபோர்னியா பல்கலைக்கழக (லாஸ் ஏஞ்சலஸ்) ஆய்வில், கைபேசி, தொலைக்காட்சி போன்ற திரைகள் இல்லாத முகாமில் 5 நாள் தங்கிய 51 மாணவர்கள், பிறர் முகக்குறிப்பை உணர்வதில் நன்கு முன்னேறியிருந்தனர்.

சென்ற மே மாதம் என் 10 வயது மகளை அத்தகைய பகல்நேர முகாமுக்கு அனுப்பினேன். முதல் இரு நாள் அழுகைதான். மூன்றாம் நாள் மாலை, நகக்கண்ணெல்லாம் களிமண்ணும், பல்லாங்குழியில் வென்ற புளியங்கொட்டைகளுமாக வந்தவள், இரவுச் சோற்றை என் முகம் பார்த்துப் பேசியபடியே உண்டாள். அப்படி உண்டு எத்தனை மாதமாயிற்று! நூலகங்களில் நடக்கும் கோடை முகாம்களில், வாசலிலேயே கைபேசிகளை வாங்கி வைக்கப் பொது நூலகத் துறை ஏற்பாடு செய்யலாம். உடன் வரும் பெற்றோருடையதையும் சேர்த்தே.