தம்பிக்கு, நேர்த்தி பற்றி

முள்ளியவளை,
சித்திரை, வெள்ளிக்கிழமை.

அன்பு மகனுக்கு அம்மா எழுதிக்கொள்வது. இங்கே நாங்கள் சுகம். உங்கள் எல்லோருடைய சுகத்துக்கும் வற்றாப்பளைக் கண்ணகி அம்மனை வேண்டிக்கொள்கிறேன்.

போனில் கதைக்கலாம்தானே, ஏன் இந்தக் காலத்தில் கடிதம் என்று நினைப்பாய். போன் எடுத்தால் அப்பா கதிரையை இழுத்துக்கொண்டு பக்கத்தில் வந்து இருந்துவிடுவார். நீயும் "சரி அம்மா, சரி அம்மா" என்றுவிட்டு வேலைக்கு ஓடுகிறாய். முன்வீட்டு ரீச்சர் மகளின் பிள்ளைப்பேறு பார்க்க ரொறன்ரோ வருகிறார். அவரிடம் கொடுத்துவிடுகிறேன். அப்பாவுக்கு இதைப் பற்றிச் சொல்லவில்லை. நீயும் சொல்லாதே.

நீ சொன்னபடி எல்லா இடத்துக்கும் போய் வந்தேன். ஒட்டுசுட்டானில் இறங்கித் தான்தோன்றீசருக்கு அர்ச்சனை செய்தேன். ஐயர் பெயர், நட்சத்திரம் கேட்டார். உன் பெயர், அவிட்டம். சின்னவளின் பெயர், பூரட்டாதி. "அவ்வளவுதானா அம்மா?" என்றார். நீ எழுதி அனுப்பியதில் அவ்வளவுதான் இருந்தது. அவசரத்தில் விட்டிருப்பாய் என்று மருமகளின் பெயரையும் ரோகிணியையும் நானே சேர்த்துச் சொன்னேன். நான் சொன்னது பிழையென்றால் எழுது. நான் ஒன்றும் கேட்கவில்லை.

பிறகு மாங்குளத்தில் பஸ் மாறி முறிகண்டிப் பிள்ளையார். தேங்காய் நேராக, இரண்டு பாதியாக உடைந்தது. அதில் எனக்குக் கொஞ்சம் ஆறுதல். உனக்கு நினைவிருக்கிறதா தெரியாது, 2002 இல் ஏ9 பாதை திறந்த புதிதில் யாழ்ப்பாணம் போகிற வாகனம் எல்லாம் அங்கே நிற்கும். நீ கற்பூரம் அணைய முதலே கச்சான் கடலைக்கு அழத் தொடங்கிவிடுவாய். கச்சான் கடைகள் இன்னும் அதே வரிசையில் இருக்கின்றன, விலைதான் அது இல்லை. பிள்ளையார் அப்படியே சின்னக் கோயிலில், தெருவோரத்தில் இருக்கிறார். கொழும்பு போகிற பெரிய லொறிக்காரனும் இறங்கி ஒரு சதக் கற்பூரம் கொளுத்தாமல் போகமாட்டான். பெரிய கோபுரம் இல்லையென்று யாரும் அவரைத் தாண்டிப் போனதில்லை. இதை ஏன் எழுதுகிறேன் என்றால், குளக்கட்டு ஐயனார் விஷயமும் எழுத வேண்டும். அதற்குப் பிறகு வருகிறேன்.

மடு மாதா கோயிலுக்கும் போய் மெழுகுதிரி கொளுத்தச் சொன்னாய். அதைக் கேட்டபோதுதான் எனக்கு நெஞ்சு திடுக்கிட்டது. எங்கள் வீட்டில் மடுவுக்குச் சும்மா போகிறவர்கள் இல்லை, உனக்கே தெரியும். சித்திக்கு அந்த மூன்றாவது வயிற்றில் நடந்தபோது போனோம். பெரியண்ணனைப் பாம்பு தீண்டியபோது அம்மம்மா மடு மண்ணைக் குழைத்துப் பூசிவிட்டு, பிழைத்தால் வருகிறேன் என்று மாதாவுக்குச் சொன்னார். இங்கே உள்ள தெய்வங்களிடம் எல்லாம் முறையிட்டு முடிந்த பிறகுதான் நாங்கள் மடுவுக்குப் போவது. நீ முதல் பட்டியலிலேயே மடுவை எழுதியிருக்கிறாய்.

போனேன். ஆவணித் திருவிழாக் கூட்டம் இல்லாத நாள், காட்டுக்குள் நல்ல அமைதி. உன் சின்ன மாமா 1999 கார்த்திகையில் அகதியாக இருந்ததும் அந்த வளவில்தான். அதற்கு மேல் நான் எழுதத் தேவையில்லை. அவருக்கும் ஒரு திரி கொளுத்தினேன். 2008 சித்திரையில் சண்டைக்குள் மாதாவின் சுருவத்தையே தூக்கிக்கொண்டு தேவன்பிட்டிக்குப் போனார்களே, ஆவணியில்தான் திரும்பக் கொண்டுவந்தார்கள். "அவளும் எங்களைப் போல இடம்பெயர்ந்தவள்தான், அவளுக்குச் சொன்னால் விளங்கும்" என்று அம்மம்மா சொல்வார். நானும் அப்படி நினைத்துத்தான் முன்னால் போய் நின்றேன். ஆனால் என்னத்தைச் சொல்வது? என் மகனுக்கு ஏதோ ஒன்று, என்னவென்று தெரியாது தாயே என்றுதான் சொன்னேன். பக்கத்தில் நின்ற மன்னார்ப் பக்கத்துப் பெண் ஒருத்தி என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

தம்பி, இரவு வேலையை விடு. காசு வரும், போகும். நீ அனுப்பிய காசு போதும் என்று அப்பாவே சொல்கிறார், அவர் அப்படிச் சொல்கிற ஆள் இல்லை. உன்னைப் பற்றி ஊரில் எவ்வளவு பெருமையாகக் கதைக்கிறார்கள் தெரியுமா? அன்னதானத்துக்கு நீ கொடுத்ததை ஒலிபெருக்கியில் உன் பெயர் சொல்லி, தகப்பன் பெயர் சொல்லி அறிவித்தார்கள். அப்பா கேட்காதவர் போல வேலியைப் பார்த்துக்கொண்டு நின்றார், வீட்டுக்கு வந்து இரண்டாம் தரம் தேத்தண்ணீர் கேட்டார். ஆனால் காசு அனுப்புகிற பிள்ளை, கதைக்க மட்டும் நேரமில்லை என்றால் என்ன அர்த்தம்? சின்னவளை வீடியோவில் காட்டு என்றால் "நித்திரை" என்கிறாய். அங்கே மத்தியானமாக இருக்கிறபோதும் நித்திரையா?

சரி, அதை விடு.

நேர்த்தி விஷயத்துக்கு வருகிறேன். வற்றாப்பளைப் பொங்கலுக்கு உன் பெயரில் ஒரு நேர்த்தி வைக்கச் சொன்னாய். மஞ்சள் துணியும் ஐந்து ரூபாய்க் குற்றியும் எடுத்துக்கொண்டு சாமி அறைக்குள் இருந்தேன். துணியில் காசை வைத்து முதல் முடிச்சுப் போடுகிறபோது வாய்க்குள் சொல்ல வேண்டும்: இன்னது நடந்தால் இன்னது செய்கிறேன் என்று. செய்வது என்னவென்று எனக்குத் தெரியும், நீ பாற்செம்பு என்று சொல்லியிருக்கிறாய். நடக்க வேண்டியது எது? அதைத்தான் நீ சொல்லவில்லை. துணி அப்படியே திறந்தபடி படத்துக்குக் கீழே இருக்கிறது. அப்பா பார்த்துவிட்டு "என்ன, முடியாமல் விட்டிருக்கிறாய்?" என்றார். கண் தெரியவில்லை, வெளிச்சத்தில் முடிகிறேன் என்றேன்.

கடைசிச் சண்டைக்குள், மாத்தளனில் அம்மம்மா உனக்காக நேர்ந்தது நினைவிருக்கும். பங்கருக்குள் மஞ்சளுக்கு எங்கே போவது, சேலைத் தலைப்பைக் கிழித்து அதில் காசை வைத்து எல்லோருக்கும் கேட்கச் சத்தமாகவே சொன்னார். "இவன் உயிரோடு வெளியே வந்தால், நந்திக்கடல் தாண்டி உன் வாசலுக்குக் கூட்டிக்கொண்டு வந்து மொட்டை போடுகிறேன் ஆச்சி" என்றார். செட்டிகுளம் முகாமில் இருந்த காலமெல்லாம் அந்த முடிச்சு அவர் இடுப்பில்தான் இருந்தது. திரும்பி வந்ததும் கொண்டுபோய்ப் போட்டோம். உன் தலையைத் தடவிப் பார்த்துக்கொண்டே கோயில் வீதியில் நடந்தாயே. அம்மனுக்கும் அம்மம்மாவுக்கும் கணக்கு நேராக இருந்தது. அந்த நேரம் எங்களுக்கு என்ன பயம் என்று எல்லோருக்கும் தெரியும். இப்போது நீ ஒரு நேர்த்தியை வைக்கச் சொல்லிவிட்டுப் பயத்தை மட்டும் உன்னிடம் வைத்துக்கொண்டிருக்கிறாய்.

அதுவும் நீ! கம்பஸில் படித்த காலத்தில் உப்புத் தண்ணீர் எப்படி எரியும், யார் என்ன கலக்கிறார்கள் என்று வைகாசி மாதத்தில், வீடு நிறைய ஆட்கள் இருக்க, அப்பாவோடு சண்டை பிடித்தவன். அந்தப் பொங்கல் முழுக்க அவர் உன்னோடு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. நான் எரிகிறதா எரியவில்லையா என்று உன்னோடு வாதாடமாட்டேன். சிலாவத்தைக் கடலில் தீர்த்தம் எடுத்து வந்து காட்டா விநாயகர் கோயிலில் விளக்கு வைத்து, அடுத்த ஞாயிறு அங்கே பொங்கல், திங்கள் வற்றாப்பளை. அந்த ஒரு கிழமையும் இந்த ஊர் வேறு ஊர் மாதிரி. மச்ச மாமிசம் இல்லை, சண்டை இல்லை. வேலிக்காகக் கோடு கச்சேரி ஏறின இரண்டு வீட்டாரும் ஒரே கிணற்றில் தண்ணீர் அள்ளுவார்கள். அம்மன் கிழவியாக வந்து ஆடு மாடு மேய்த்த பொடியன்களிடம் பசிக்கிறது என்றாள், அவர்கள் பொங்கிக் கொடுத்தார்கள், விளக்குக்கு எண்ணெய் இல்லை என்றபோது கடல் தண்ணீரை ஊற்று என்றாள். தலையில் பேன் பார்க்கச் சொன்னாள், மயிரை விலக்கினால் தலை நிறையக் கண். இதைச் சொல்லித்தான் உனக்குச் சோறு தீத்தினேன். மதுரையை எரித்துவிட்டு வந்தவள், எங்கள் பொடியன்களிடம் பேன் பார்க்கச் சொன்னாள் என்பதில் எனக்கு இன்றைக்கும் ஒரு பெருமை. அவள் புனிதம் என்பதால் நான் பயப்பட்டதில்லை. அவளிடம் எதையும் சொல்லலாம். உன் வயதுப் பிள்ளைகள் சொல்லக் கூசுகிற எதையும்.

சின்னவளுக்கு இந்தக் கதை சொன்னாயா? அங்கே யாராவது சொல்லுகிறார்களா?

வெடுக்குநாறிமலைச் சிவனிடம் நான் போகவில்லை, கோபிக்காதே. என் முழங்காலுக்கு அந்த ஏற்றம் சரிவராது. அதைவிட, 2024 சிவராத்திரி இரவில் அங்கே எட்டுப் பேரைப் பொலிஸ் பிடித்துக்கொண்டுபோய் மறியலில் வைத்து, மார்ச் 19 இல்தான் விட்டார்கள். அதற்குப் பிறகு அப்பா அந்தப் பக்கம் என்றாலே வேண்டாம் என்கிறார். மனதால் கும்பிட்டேன்.

இனி ஐயனார். குளக்கட்டில் நிற்கிற மருதமரத்தைத் தறித்துவிட்டு மண்டபமும் கோபுரமும் கட்டப் போகிறார்களாம், வெளிநாட்டில் உள்ள எங்கள் ஊர்ப் பிள்ளைகள்தான் காசு தருகிறார்களாம், அதில் நீயும் ஒரு பெரிய தொகை என்று கேள்விப்பட்டேன். எனக்கு இது துண்டாகப் பிடிக்கவில்லை. அப்பப்பா காட்டுக்குத் தேன் எடுக்கப் போகும்போதெல்லாம் ஒரு குழையை முறித்து அந்த மரத்தடியில் வைத்துவிட்டுத்தான் உள்ளே போவார். திரும்பி வந்தால் முதல் வதையில் ஒரு துண்டு ஐயனாருக்கு. ஒரு கல், ஒரு சூலம், அந்த நிழல், அவ்வளவுதான் அவர். அவருக்கு மாபிள் போட்டு, கேற் பூட்டி, திறப்பை ஒருவர் கையில் கொடுத்துவிட்டால், விடியற்காலையில் வயலுக்குப் போகிறவன் எப்படிக் கும்பிடுவது? பக்கத்து ஊரில் கட்டியதைப் பார்த்தேன். கல்வெட்டில் உபயகாரர் பெயர்கள்தான் பெரிய எழுத்தில் இருக்கின்றன, சாமி பெயர் அதற்குப் பிறகு. நீ சொன்னால் சங்கத்தில் கேட்பார்கள். மரத்தை விடச் சொல்லு. காசு கொடுக்கத்தான் வேண்டுமென்றால் படிக்கட்டைச் சரிசெய்யட்டும், மாரியில் வழுக்குகிறது.

அந்தத் தொகையைக் கேட்டபோதும் எனக்கு அதே எண்ணம்தான் வந்தது. இவன் எதற்காக இப்படி அள்ளிக் கொடுக்கிறான்? ஐயனாருக்கு, அம்மனுக்கு, மாதாவுக்கு, எல்லோருக்கும் ஒரே நேரத்தில்? உடம்புக்கு ஏதாவது என்றால் டொக்டரிடம் போனாயா, ரத்தம் சோதித்தாயா? அப்பாவின் பக்கத்தில் சீனி வருத்தம் இருக்கிறது, மறந்துவிடாதே. நேரத்துக்குச் சாப்பிடு. இரவு வேலையை விடு. உடம்புக்கு இல்லை, வேறு ஏதாவது என்றாலும் பரவாயில்லை. வீடு என்றால் ஆயிரம் இருக்கும். நானும் அப்பாவும் கதைக்காமல் இருந்த காலம் உனக்குத் தெரியாததா, குசினிக்கும் விறாந்தைக்கும் நடுவில் நீதான் செய்தி கொண்டு ஓடுவாய். மருமகள் புதுவருடத்துக்கு எனக்குத் தனியாகப் போன் எடுத்தாள். நல்லாக் கதைத்தாள். "மாமி, நீங்கள் மருந்தை ஒழுங்காகப் போடுங்கோ" என்றாள். உன்னைப் பற்றி நான் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. அவள் நல்ல பிள்ளை, தம்பி. உன்னைக் குறைசொல்லவில்லை, நீயும் நல்ல பிள்ளைதான்.

ரீச்சரிடம் கொடுத்துவிடுவது: முறிகண்டித் திருநீறு, ஒட்டுசுட்டான் அர்ச்சனைக் குங்குமம், மூன்று காப்பு நூல். உனக்கு வலக்கை, மருமகளுக்கு இடக்கை, சின்னவளுக்குச் சிறிதாக முடிந்திருக்கிறேன். கச்சான் ஒரு கிலோ, ஒடியல் மா, கருவாடு வேறு பையில். மடு மண்ணும் ஒரு பொட்டலம் கட்டினேன், விமானத்தில் மண் கொண்டுபோனால் பிடிப்பார்கள் என்று ரீச்சர் மாட்டேன் என்றுவிட்டார். அது இங்கேயே இருக்கட்டும்.

பொங்கல் வேலை தொடங்குகிற பாக்குத் தெண்டலுக்கு முன்னால் எனக்கு ஒரு வரி எழுது. வட்ஸ்அப்பில் எழுத்தாக அனுப்பு, குரலில் அனுப்பாதே, அப்பாதான் முதலில் அமத்துவார். நேர்த்திக்கு என்ன சொல்ல வேண்டும் என்று மட்டும் எழுதினால் போதும், மிச்சத்தை நான் கேட்கமாட்டேன்.

ரீச்சர் பொதியை வீட்டுக்கே கொண்டுவந்து தருவதாகச் சொல்கிறார். என்னிடம் இருப்பது பழைய விலாசம். நீ இப்போது இருக்கிற விலாசத்தை அவருடைய நம்பருக்கு அனுப்பிவிடு.

அன்புடன்,
அம்மா