தெர்மோஸ்டாட் மேல் பழி போடாதீர்கள்

ஆசிரியருக்கு,

ட்ரெய்லர் இழுக்கிற லாரி ஏற்றத்தில் சூடானால் "தெர்மோஸ்டாட்டைக் கழற்றித் தூரப் போடு" என்பதுதான் இன்னும் பலருடைய முதல் வைத்தியமாக இருக்கிறது. இன்ஜின் சூடானதும் ரேடியேட்டருக்குத் தண்ணீரைத் திறந்துவிடுகிற வால்வுதான் இந்தத் தெர்மோஸ்டாட். நானும் அப்படிக் கழற்றிப் போட்டவன்தான். வெறும் வண்டியாக ஓட்டினால் சூடு காட்டும் முள் பாதியைத் தாண்டாது, ட்ரெய்லரை மாட்டி மேடு ஏறினால் சிவப்புக்குப் போய்விடும். அப்புறம் வாட்டர் பம்ப்பையும் மாற்றினேன், காசு போனதுதான் மிச்சம். கடைசியில் ரேடியேட்டரை இறக்கினால், அதற்கும் அதன் முன்னால் இருக்கும் ஏசி கண்டென்சருக்கும் நடுவில் புழுதியும் பூச்சிச் சிறகும் எண்ணெய்ப் பிசுக்கில் ஒட்டி கம்பளி மாதிரி அடைந்து கிடக்கிறது! முன்னால் நின்று பார்த்தால் ஒன்றும் தெரியாது, கண்டென்சர் பளிச்சென்று இருக்கும்.

தெர்மோஸ்டாட்டைக் கழற்றினால் சில இன்ஜின்களில் சூடு இன்னும் கூடும். சூடு ஏறியதும் பைபாஸ் வழியை அடைப்பதும் அதன் வேலைதான், அது இல்லாவிட்டால் தண்ணீரில் ஒரு பங்கு ரேடியேட்டர் பக்கமே போகாமல் இன்ஜினுக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருக்கும்.

ஸ்பேனரை எடுக்கும் முன் சூடு எப்போது ஏறுகிறது என்று பாருங்கள். நின்ற இடத்தில் ஏறி, ஓட ஆரம்பித்ததும் இறங்கினால் ஃபேன் பக்கம் போங்கள். சுமையோடு மட்டும் ஏறினால் ரேடியேட்டரில் உள்ளேயோ வெளியேயோ அடைப்பு இருக்கலாம், ஃபேனை இன்ஜினோடு இணைக்கும் ஃபேன் கிளட்ச் வழுக்கலாம். சூடான இன்ஜினை அணைத்துவிட்டு ஃபேனைக் கையால் சுற்றிப் பாருங்கள், பிடிப்பே இல்லாமல் பம்பரமாகச் சுற்றினால் கிளட்ச் போச்சு என்று அர்த்தம். கசிவே இல்லாமல் கூலன்ட் (ரேடியேட்டர் தண்ணீர்) குறைந்துகொண்டே போய், வெள்ளைப் புகையும் வந்தால் இன்ஜின் ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவில் கசியாமல் அடைக்கும் ஹெட் கேஸ்கெட்டைச் சந்தேகப்படலாம்.

ரேடியேட்டர் மூடியை யாரும் மதிப்பதில்லை. அது 1 பார் அழுத்தம் பிடித்தால் வெறும் தண்ணீர்கூட 120 டிகிரி வரை கொதிக்காது, ரப்பர் வாஷர் கிழிந்துவிட்டால் 100லேயே கொதித்துவிடும். அதற்காக சூட்டோடு திறந்து பார்க்கப் போகாதீர்கள், முகம் வெந்துவிடும்.

வழியிலேயே முள் ஏற ஆரம்பித்தால் ஏசியை அணைத்து ஹீட்டரை முழுதாகத் திறந்துவிடுங்கள், இன்ஜின் சூட்டில் ஒரு பங்கு கேபினுக்குள் வந்துவிடும், வேர்த்துக் கொட்டும், பரவாயில்லை. அதற்கும் இறங்காவிட்டால் ஓரங்கட்டி நிறுத்திவிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு லாரி ஓட்டுநர்