முதல்முறை இளைப்போடு வரும் பிள்ளைக்கு டெக்ஸா போடும் முன்

மதுரை மாவட்டத்து ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவர்களுக்கும், தாலுகா மருத்துவமனைகளில் எக்ஸ்ரே எடுப்பவர்களுக்கும், ஊருக்குள் கிளினிக் வைத்து நடத்துபவர்களுக்கும் வணக்கம்.

ஐப்பசி பிறந்துவிட்டால் இளைப்போடு வரும் பிள்ளைகள் கூட்டம் மேலூரிலும் கூடும், எழுமலையிலும் கூடும். எங்கே போனாலும் வைத்தியம் ஒன்றுதான்: மூச்சுக்குழாயை விரிக்கும் சால்ப்யூட்டமால் வைத்து நெபுலைசர், கையோடு டெக்ஸாமெத்தசோன் (டெக்ஸா) என்ற ஸ்டீராய்டு ஊசி ஒன்று. பெரும்பாலான பிள்ளைகளுக்கு அதனால் கேடில்லை. எஞ்சியிருக்கும் ஒன்றிரண்டு பிள்ளைகளுக்கு இளைப்புக்குக் காரணம் நெஞ்சுக்குள் வளரும் கட்டி. அவர்களுக்காகத்தான் இந்த மடல்.

ஏழு எட்டு வயதுக்கு மேற்பட்ட பிள்ளை. இதுவரை இளைத்ததே இல்லை, வீட்டிலும் யாருக்கும் ஆஸ்துமா கிடையாது. பத்துப் பதினைந்து நாளாக இருமல். படுத்தால் மூச்சு முட்டுகிறது என்று தலையணையை அடுக்கிச் சாய்ந்தபடியே தூங்குகிறது. காலையில் முகம் உப்பியிருக்கிறது, கழுத்து நரம்புகள் புடைத்துத் தெரிகின்றன, காறை எலும்புக்கு மேலே நெறி கட்டியிருக்கிறது. இவற்றில் இரண்டு சேர்ந்திருந்தாலே ஊசியை எடுக்கும் முன் ஒரு நெஞ்சுப் படம் வேண்டும். உங்கள் நிலையத்தில் வசதியில்லை என்றால் உசிலம்பட்டி, திருமங்கலம், மேலூர் அரசு மருத்துவமனைகளில் எடுக்கலாம்.

மார்பெலும்புக்குப் பின்னால், தைமஸ் சுரப்பி இருக்கும் இடத்தில், டி-செல் லிம்ஃபோமா அல்லது லுக்கீமியா என்ற வெள்ளணுப் புற்று சில நாட்களிலேயே பெருத்து மூச்சுக்குழாயை நெரிக்கும். வெளியே கேட்கும் சத்தம் வீசிங் மாதிரியே இருக்கும். இந்தச் செல்கள் ஸ்டீராய்டு பட்டதும் மடியக்கூடியவை. அதனால்தான் சிக்கல். டெக்ஸா போட்ட இரண்டாம் நாள் பிள்ளை தெளிந்துவிடும், ‘ஆஸ்துமாதான்’ என்று எல்லார் மனதிலும் பதிந்துவிடும். சில வாரங்களில் திரும்ப இளைக்கும்போது பயாப்சி (சோதனைக்கான திசு) எடுத்தால் செத்த திசுதான் வருகிறது, எந்த வகை என்று பிரித்துச் சொல்ல முடிவதில்லை. வகை தெரியாமல் சரியான மருந்துத் திட்டத்தைத் தொடங்க முடியாது. இன்னொரு ஆபத்தும் உண்டு. செல்கள் மொத்தமாக உடையும்போது பொட்டாசியம், பாஸ்பேட், யூரிக் அமிலம் மூன்றும் ரத்தத்தில் ஏறும். சிறுநீரகம் செயலிழக்கலாம், பொட்டாசியம் ஏறினால் இதயத் துடிப்பே நின்றுபோகலாம்.

படத்தில் நெஞ்சின் நடுநிழல் அகன்றிருந்தால் ஸ்டீராய்டு வேண்டாம். பிள்ளையை மல்லாக்கப் படுக்க வைக்காதீர்கள். சி.டி. எடுக்கத் தூக்க மருந்து கொடுக்காதீர்கள். தசைகள் தளர்ந்ததும் கட்டியின் முழு எடையும் மூச்சுக்குழாய் மேல் இறங்கிவிடும், டியூப் போட்டாலும் அடைப்பு அதற்குக் கீழே இருக்கும். தலை, கைகளிலிருந்து இதயத்துக்கு ரத்தம் கொண்டுவரும் மேல்பெருஞ்சிரை நெரிபட்டிருக்க வாய்ப்பிருப்பதால் ட்ரிப் ஊசியைக் கையில் குத்தாமல் காலில் குத்துங்கள். ஆக்சிஜன் வைத்து, உட்கார்ந்த நிலையிலேயே 108-ல் ஏற்றி, பெரியாஸ்பத்திரிக்கு முன்கூட்டியே போன் செய்துவிட்டு அனுப்புங்கள். ரத்த அணு எண்ணிக்கை, ஸ்மியர் (ரத்தத் துளியை நுண்ணோக்கியில் பார்ப்பது), செல்கள் உடைவதைக் காட்டும் எல்.டி.ஹெச்., யூரிக் அமிலம், பொட்டாசியம் ஆகியவற்றுக்கு ரத்தம் எடுத்து அனுப்பினால் அங்கே நேரம் மிஞ்சும். பல பிள்ளைகளுக்கு ஸ்மியரிலோ, நெஞ்சில் கோத்த நீரிலோ, மரக்கவைக்கும் ஊசி மட்டும் போட்டு எடுத்த கழுத்து நெறியிலோ விடை கிடைத்துவிடும், மயக்க மருந்தே தேவைப்படாது. வழியிலேயே உயிர் போய்விடும் என்ற நிலையில் ஸ்டீராய்டு கொடுக்கத்தான் வேண்டியிருக்கும். அந்த முடிவைப் புற்றுநோய் மருத்துவரிடம் போனில் பேசிவிட்டு எடுங்கள்.

பெரியவர்களுக்கு அதே இடத்தில் வருவது பெரும்பாலும் வேறு. நாற்பதைத் தாண்டியவர்களுக்குத் தைமோமா என்ற தைமஸ் கட்டி, கழுத்திலிருந்து நெஞ்சுக்குள் இறங்கிய தைராய்டு வீக்கம். இவை மெதுவாக வளரும். சாயங்காலமானால் இமை தொங்குகிறது, சோறு மெல்லும்போதே தாடை ஓய்ந்துவிடுகிறது என்று ஒருவர் சொன்னால் மயஸ்தீனியாவை (தைமோமாவோடு சேர்ந்து வரக்கூடிய தசைச் சோர்வு நோயை) நினைத்து நெஞ்சையும் பாருங்கள். பெரியவரின் மூச்சுக்குழாய் அகலமானது, கொஞ்சம் நெரிபட்டாலும் தாங்கும். குழாயின் உள்ஆரம் பாதியானால் காற்றுக்கான தடை பதினாறு மடங்கு ஏறும் என்பது பௌதிகக் கணக்கு. குழந்தையின் குழாயில் ஒரு மில்லிமீட்டர் நெரிபட்டாலே மூச்சு திணறுவது இதனால்தான்.

இதற்கு நேர் எதிரான தவறும் நடக்கிறது. ஆறு மாதக் கைக்குழந்தையின் படத்தில் நடுநிழல் அகன்று தெரிந்ததும் ‘கட்டி’ என்று எழுதிவிடுகிறார்கள். அந்த வயதில் தைமஸ் பெரிதாக இருப்பதே இயல்பு. வலப்பக்கம் பாய்மரம் போல முக்கோணமாக நீட்டிக்கொண்டிருக்கும், விலா எலும்புகள் அழுத்தி ஓரம் அலையலையாகத் தெரியும், மூச்சுக்குழாயைத் தள்ளாது. சந்தேகம் வந்தால் அல்ட்ராசவுண்ட் போதும், சி.டி. கதிர்வீச்சு தேவையில்லை. காய்ச்சலில் சுருங்கிப்போன தைமஸ் உடம்பு தேறியதும் முன்னைவிடப் பெரிதாகத் திரும்புவதும் உண்டு. கீமோதெரபி முடித்த பிள்ளையின் படத்தில் இதைப் பார்த்துவிட்டு ‘நோய் திரும்பிவிட்டது’ என்று பெற்றோரிடம் சொல்லிவிடக் கூடாது.

எக்ஸ்ரே எடுப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். குழந்தை வீறிட்டு மூச்சை விடும் கணத்தில் எடுத்தால் எந்த நெஞ்சும் அகன்றுதான் தெரியும். உதரவிதானத்துக்கு மேல் முன்பக்க விலா எலும்புகள் ஐந்தோ ஆறோ தெரிகின்றனவா, இரண்டு காறை எலும்பு முனைகளும் முதுகெலும்பிலிருந்து சமதூரத்தில் இருக்கின்றனவா என்று பார்த்த பிறகே படத்தை வெளியே கொடுங்கள். கட்டி என்ற சந்தேகம் இருந்தால் பக்கவாட்டுப் படமும் ஒன்று வேண்டும். முன்னால் இருக்கிறதா பின்னால் இருக்கிறதா என்பதே பாதி விடை.

பின்னால், முதுகெலும்பை ஒட்டி இருந்தால் வயதைப் பாருங்கள். பெரியவருக்கு அது பெரும்பாலும் நரம்புறையில் வரும் ஷ்வானோமா, புற்று அல்ல, வேறெதற்கோ எடுத்த படத்தில் தற்செயலாகத் தெரிய வந்திருக்கும். ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு, இல்லை என்று நிரூபணமாகும்வரை அது நியூரோபிளாஸ்டோமா என்ற நரம்புச் செல் புற்று. விலா எலும்புகளின் இடைவெளி அகன்றிருக்கும், சுண்ணாம்புப் புள்ளிகள் தெரியலாம். ஒரு கண்ணின் இமை மட்டும் இறங்கிப் பாவை சிறுத்திருக்கிறதா என்று பாருங்கள். நடந்துகொண்டிருந்த பிள்ளை நடக்க மறுத்தால் கட்டி தண்டுவடத்தை அழுத்துகிறது என்று பொருள், அன்றைக்கே எம்.ஆர்.ஐ. எடுக்க வேண்டும். முதுகெலும்பு டிபியின் சீழும் இதே இடத்தில் நிழல் காட்டும். எலும்புகளுக்கு நடுவிலுள்ள வட்டு அரித்திருந்தால் டிபி பக்கம் சாயலாம்.

டிபி என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். நெஞ்சுக்குள் நெறி கட்டிய பிள்ளைக்குச் சோதனையே இல்லாமல் ‘கொடுத்துப் பார்ப்போம்’ என்று டிபி மருந்தைத் தொடங்கி, கூடவே ப்ரெட்னிசலோன் என்ற ஸ்டீராய்டும் சேர்ப்பது இன்னும் ஒழியவில்லை. லிம்ஃபோமா என்றால் அந்த ப்ரெட்னிசலோனுக்கே நெறி வற்றும், டிபி மருந்து வேலை செய்கிறது என்று நாள் கடத்துவார்கள். பிள்ளைக்குச் சளி துப்பத் தெரியாது என்பது சாக்காகாது. காலையில் வெறும் வயிற்றில் மூக்குக் குழாய் வழியாக இரைப்பை நீரை எடுத்து, டிபி கிருமியின் மரபணுவைத் தேடும் சிபிநாட் சோதனைக்கு அனுப்பலாம்.

நுரையீரலுக்குள் உருண்டையாக ஒரு நிழல். பீடி குடிக்கும் ஐம்பத்தைந்து வயதுக்காரருக்கு அது புற்று என்றே எண்ணிச் சி.டி.க்கு அனுப்புங்கள். பீடியே தொடாத, விறகடுப்புப் புகையில் ஆயுசைக் கழித்த அம்மாவுக்கும் அப்படியே. காய்ச்சலோடு வந்த ஐந்து வயதுப் பிள்ளைக்கு அது உருண்டை நிமோனியாவாக இருக்கவே வாய்ப்பு அதிகம். காற்றறைகளுக்கு நடுவேயுள்ள இணைப்புத் துளைகள் அந்த வயதில் முழுதாக உருவாகியிருக்காது, அதனால் சளி பரவாமல் ஓரிடத்தில் திரண்டு நிற்கும். ஆன்டிபயாட்டிக் கொடுத்துச் சில வாரம் கழித்துத் திரும்பப் படம் எடுங்கள். மறையாவிட்டால் மேலே பாருங்கள். ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப நிமோனியா வந்தால் உள்ளே போன நிலக்கடலையா, புளியங்கொட்டையா, பிறவி நீர்க்கட்டியா, அபூர்வமாகக் கார்சினாய்டு என்ற மூச்சுக்குழாய்க் கட்டியா என்று தேட வேண்டும்.

உருண்டைகள் பலவாக இருந்தால் பிள்ளைக்குப் புற்று நெஞ்சிலேயே தொடங்கியிருப்பது அரிது, வேறிடத்திலிருந்து பரவியிருக்கும். சட்டையைக் கழற்றி வயிற்றைத் தொட்டுப் பாருங்கள், வில்ம்ஸ் கட்டியாக (சிறுநீரகப் புற்றாக) இருக்கலாம் என்பதால் அழுத்தாமல் தொடுங்கள். எலும்புப் புற்றா என்றறிய முழங்காலுக்கு மேலும் கீழும் வீக்கம் உண்டா என்று பாருங்கள்.

பத்து வயதுப் பெண்பிள்ளைக்கு ஒரு பக்கக் காம்புக்கு அடியில் மட்டும் சிறு கட்டி என்று அம்மா பதறிக்கொண்டு வந்தால் அது பெரும்பாலும் மார்பு அரும்புவது. மறுபக்கம் சில மாதம் கழித்து வரும். அதில் கத்தி வைத்தால் பிறகு அந்தப் பக்க மார்பே வளராது.

அனுப்பும்போது ரிப்போர்ட்டை மட்டும் கொடுத்துவிடாமல் படத்தையும் கையில் கொடுத்து அனுப்புங்கள். ஸ்டீராய்டு ஏற்கெனவே போட்டாகிவிட்டது என்றால் எந்த மருந்து, எத்தனை மில்லிகிராம், எந்தத் தேதி, எத்தனை மணிக்கு என்று சீட்டில் எழுதுங்கள். யாரையும் குற்றம் சொல்வதற்காகக் கேட்கவில்லை. பயாப்சியை எப்போது எடுப்பது, சிறுநீரகத்தைக் காக்க ட்ரிப்பும், யூரிக் அமிலத்தைக் குறைக்கும் அலோபியூரினாலும் உடனே தொடங்குவதா என்பதெல்லாம் அந்த ஒரு வரியை வைத்துத்தான் முடிவாகிறது.

இப்படிக்கு,
குழந்தைகள் புற்றுநோய், நெஞ்சக அறுவை சிகிச்சை, கதிரியக்கப் பிரிவுகளில் பணிபுரியும் மருத்துவர்கள் சிலர்
மதுரை