திரும்பி வராத மொய்: பத்துப் படுக்கை ஆதரவு இல்லத்துக்காக ஒரு வேண்டுகோள்

ஊர்ப் பெரியவர்களுக்கும், தாய்மார்களுக்கும், வெளியூரிலும் வெளிநாட்டிலும் பிழைக்கப் போயிருக்கும் நம் பிள்ளைகளுக்கும் கட்டடக் குழுவின் வணக்கம்.

ஆடி பிறந்தால் பேராவூரணி தொடங்கி கீரமங்கலம், வடகாடு வரை தெருவுக்குத் தெரு பந்தல்தான். கறிக்குழம்பு கொதிக்கும், மொய் நோட்டு நிரம்பும். எழுதிய மொய் வட்டியில்லாக் கடன் என்பதும், வாங்கியவர் முறை வரும்போது திருப்பிச் செய்தாக வேண்டும் என்பதும் நம் வட்டாரத்துப் பிள்ளைகளுக்குப் பால்குடிப் பருவத்திலேயே தெரியும். இந்த ஆடியில் எங்கள் குழுவும் ஒரு மொய் விருந்து வைக்கிறது. ஆனால் வருகிற மொய்யை நாங்கள் திருப்பிச் செய்யமாட்டோம். பின்னால் மனத்தாங்கல் வேண்டாம் என்பதற்காக முதல் பத்தியிலேயே சொல்லிவிடுகிறோம்.

தீராத நோயில் கிடப்பவர்களின் வலியைத் தணித்துப் பார்த்துக்கொள்ள ஓர் இல்லம் கட்டத்தான் இந்த விருந்து. அது ஏன் வேண்டும் என்பதை ஒரு கொத்தனாரின் கதையோடு சொல்கிறோம். குடும்பத்தார் சம்மதித்த பிறகே எழுதுகிறோம்.

அவருக்கு வாய்ப் புற்றுநோய். வெளியூர் ஆஸ்பத்திரி ஒன்றில் கதிர்வீச்சும் ஊசி மருந்தும் முடிந்து, கட்டி மறுபடி கிளம்பியபோது, "இனிமேல் செய்வதற்கு ஒன்றும் இல்லை, வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போங்கள்" என்று சீட்டு எழுதிக் கொடுத்துவிட்டார்கள். வந்த இடத்தில் கன்னத்துப் புண் அழுகியது. வாடை தாங்காமல் மாட்டுக்கொட்டகைப் பக்கம் கட்டிலைப் போட்டார்கள். வலியில் அவர் இரவெல்லாம் உட்கார்ந்தே இருந்தார். அவர் மனைவி தூங்கி எத்தனை நாள் என்று அவருக்கே கணக்குத் தெரியவில்லை.

எங்கள் குழுவில் ஓய்வுபெற்ற செவிலியர் ஒருவர் இருக்கிறார். அவர் செய்தது பெரிய வித்தை ஒன்றும் இல்லை. மருத்துவரிடம் கேட்டுக்கொண்டு மெட்ரோனிடசோல் என்ற கிருமிக்கொல்லி மாத்திரையைப் பொடித்துப் புண்ணில் தூவிக் கட்டினார். சில நாளில் வாடை அடங்கியது. வலிக்கு மார்ஃபின் மாத்திரை வாங்கிவர இரண்டு பஸ் மாறிப் போகவேண்டியிருந்தது. நான்கு மணி நேரத்துக்கு ஒரு முறை, கடிகாரம் பார்த்து, வலி வரும்வரை காத்திராமல் கொடுக்கச் சொன்னார்கள். கூடவே மலச்சிக்கலுக்கும் ஒரு மாத்திரை. மார்ஃபின் கொடுத்தால் அதையும் கொடுத்தாக வேண்டும். மூன்றாம் நாள் காலையில் கொத்தனார் கஞ்சி கேட்டார். அதற்குப் பிறகு ஐந்து வாரம் இருந்தார். கட்டிலில் கிடந்தபடியே மகனைக் கொண்டு வாசல் திண்ணையைக் கட்டி முடித்தார். ரசமட்டம் தலைமாட்டிலேயே கிடந்தது. குமிழி நடுவில் நிற்காவிட்டால் மகனுக்கு வசவு விழும்.

அந்த ஐந்து வாரத்தை நம் பக்கத்தில் நோயில் கிடக்கும் மற்றவர்களுக்கும் வாங்கிக் கொடுக்கவேண்டும். குழு கூடியது அதற்காகத்தான்.

இரண்டு ஆண்டுகளாக ஒரு பழைய ஆம்னி வேனில் வீடு வீடாகப் போய்வருகிறோம். அரசின் மக்களைத் தேடி மருத்துவம் 2021 ஆகஸ்ட் 5-இல் தொடங்கியதிலிருந்து அந்தத் திட்டத்திலும் வீட்டுக்கே வந்து ஆதரவுச் சிகிச்சை, அதாவது நோய் தீராவிட்டாலும் வலியையும் அவதியையும் தணிக்கும் சிகிச்சை, தருகிறார்கள். அதைக் குறைத்துச் சொல்ல எங்களுக்கு மனம் வராது. ஆனால் இரவு 2 மணிக்கு மூச்சு முட்டினால் வேன் வராது, செவிலியரும் வரமுடியாது. ஒற்றை அறை வீட்டில் படுக்கைப் புண்ணோடு கிடப்பவரைப் புரட்டிப்போட ஆள் இல்லை. தனியாக இருக்கும் கிழவிக்குச் சோறு போடவும் ஆள் இல்லை. இப்படிப்பட்டவர்களுக்கு ஒரு கட்டடம் வேண்டும்.

வாய்க்கால் கரையில் 60 சென்ட் கிடைத்திருக்கிறது. 2018 நவம்பரில் கஜா புயல் ஒரே இரவில் சாய்த்த தென்னந்தோப்பு அது. மறுபடி கன்று வைக்க மனமில்லாமல் கிடந்த இடத்தை, எங்கும் பெயர் போடக்கூடாது என்ற ஒரே நிபந்தனையோடு, ஒரு குடும்பம் எழுதிக் கொடுத்தது. அங்கே பத்துப் படுக்கை. ஒவ்வொரு படுக்கைக்குப் பக்கத்திலும் துணைக்கு இருப்பவர் படுக்க ஒரு பெஞ்சு. நடுவில் முற்றம். கட்டில் வெளியே போய்வரும் அகலத்துக்குக் கதவு. வேப்பமரத்தடியில் படுக்கவேண்டும் என்று ஒருவர் ஆசைப்பட்டால் அதற்குக் கதவு தடையாக இருக்கக்கூடாது.

இது முதியோர் இல்லம் இல்லை. வலி கட்டுக்குள் வந்ததும் வீட்டுக்குப் போக விரும்புகிறவர்களை அனுப்பிவைப்போம். நோயாளியை ஒரு வாரம் எங்களிடம் விட்டுவிட்டு வீட்டில் இருப்பவர்கள் தூங்கி எழுந்து வரலாம். மகள் கல்யாணத்தையும் நடத்திவிட்டு வரலாம். புற்றுநோய்க்காரர்கள் மட்டும் இல்லை, சிறுநீரகம் கைவிட்டவர்களுக்கும் பக்கவாதத்தில் விழுந்தவர்களுக்கும் இடம் உண்டு. ஒரு பைசா வாங்கமாட்டோம்.

பலகையில் என்ன எழுதுவது என்று மூன்று கூட்டம் பேசினோம் என்பதைக் கொஞ்சம் வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறோம். 'இறுதி' என்ற சொல் கூடாது என்றார்கள் ஒரு பக்கம். இப்படிப்பட்ட இல்லத்துக்கு ஆங்கிலத்தில் சொல்லும் 'ஹாஸ்பிஸ்' என்ற பெயரைப் போட்டால் யாருக்குப் புரியும் என்றார்கள் மறுபக்கம். இப்போதைக்கு 'ஆதரவு இல்லம்' என்று நிற்கிறது. அதைவிடக் கடினமாக இருந்தது பக்கத்து மனைக்காரர்களின் பேச்சு. சாவு வீடு வந்தால் மனை விலை விழும் என்றார்கள். பிரசவ ஆஸ்பத்திரியை யாரும் இப்படிச் சொல்வதில்லை என்று எங்கள் செவிலியர் பதில் சொன்னார். அவர்களில் இருவர் இப்போது குழுவில் இருக்கிறார்கள்.

இன்னொரு கேள்வியும் அடிக்கடி வருகிறது. மார்ஃபின் அபினில் இருந்து வருவதாயிற்றே, பழகிப்போகாதா, ஆளைச் சீக்கிரம் கொண்டுபோய்விடாதா என்று. வலிக்கு ஏற்ற அளவில், பயிற்சி பெற்ற மருத்துவர் கண்காணிப்பில் கொடுக்கும் மார்ஃபின் ஆயுளைக் குறைப்பதில்லை. உலக சுகாதார நிறுவனம் 1986-லேயே புற்றுநோய் வலிக்கு, வலி கூடக் கூட வலுவான மருந்துக்குப் போகும் படிக்கட்டு முறையை வெளியிட்டு, கடும் வலிக்கு இதைத்தான் சொன்னது. மத்தியப் பிரதேசத்திலும் ராஜஸ்தானிலும் உத்தரப் பிரதேசத்திலும் அரசு உரிமத்தோடு அபின் பயிராகிறது. அப்படியிருந்தும் 1985-ஆம் ஆண்டுப் போதைப்பொருள் சட்டத்தின் கெடுபிடியால், அந்த மருந்து வலியில் துடித்தவர்களை எட்டாமலே போனது. 2014-இல் சட்டத்தைத் திருத்தினார்கள். அதன்படி அங்கீகாரம் பெற்ற நிறுவனம் இந்த மருந்தை இருப்பில் வைக்கலாம். எங்கள் மருத்துவர் அதற்கான பயிற்சியை முடித்துவிட்டார். கட்டடம் நின்றால் விண்ணப்பிப்போம். இரண்டு பஸ் மாறும் வேலை அதோடு தீரும்.

கோழிக்கோட்டில் 1993-இல் மருத்துவர் ராஜகோபாலும் மருத்துவர் சுரேஷ் குமாரும் மற்றவர்களும் சேர்ந்து ஒரு வலி நிவாரணச் சங்கத்தைத் தொடங்கினார்கள். பிறகு மலப்புறம் மாவட்டத்தில் அது ஊர்மக்கள் கைக்குப் போனது. கடைக்காரர்கள், மாணவர்கள், குடும்பப் பெண்கள் என்று எல்லோரும் பயிற்சி எடுத்துக்கொண்டு, சில்லறை சில்லறையாகத் திரட்டி நடத்தினார்கள். கேரள அரசு 2008-இல் இதற்கென்று ஒரு கொள்கையே வகுத்தது. மலப்புறத்தில் சில்லறையில் நடந்ததை மொய்யிலேயே ஊறிய நம் வட்டாரத்தாலும் நடத்தமுடியும்.

இனிப் பணக் கணக்கு. பொறியாளர் போட்ட மதிப்பீடு 1 கோடியே 10 லட்சம். கையில் 38 லட்சம் இருக்கிறது. மீதி 72 லட்சம். உள்ளதைச் சொன்னால், இதைப்பற்றி எங்களுக்குப் பெரிய கவலை இல்லை. செங்கல்லுக்குக் கொடுக்க நம் ஊரில் ஆள் உண்டு, கும்பாபிஷேகத்தில் பார்த்திருக்கிறோம். தூக்கம் கெடுப்பது மாதச் செலவுதான். மூன்று ஷிப்டுக்கும் விடுப்புக்கும் சேர்த்து ஏழு செவிலியர், ஆறு உதவியாளர், மருத்துவர் சம்பளம், நோயாளிக்கும் துணைக்கு இருப்பவருக்கும் மூன்று வேளைச் சாப்பாடு, மருந்து, துணி வெளுப்பு, மின்சாரம், வேனுக்குப் பெட்ரோல் என்று மாதம் 4 லட்சத்து 80 ஆயிரம் ஆகிறது. ஒரு படுக்கைக்கு ஒரு நாளைக்கு 1,600 ரூபாய். சம்பளத்தைக் குறைக்கலாமே என்று சிலர் யோசனை சொன்னார்கள். இரவு முழுதும் புண் கழுவுகிறவருக்குக் குறைத்துக் கொடுக்க எங்களால் முடியாது.

அதனால் பெரிய தொகையைவிட ஒரு நாளைத்தான் முதலில் கேட்கிறோம். அப்பா அம்மா திவச நாளோ, பிள்ளையின் பிறந்த நாளோ, ஆண்டில் ஏதோ ஒரு நாளை எழுதிக்கொள்ளுங்கள். அந்த நாளில் ஒரு படுக்கை உங்களுடையது. 1,600 முடியாதவர்கள் மாதம் 100 ரூபாய் எழுதலாம். அதைத் தவறாமல் கொடுத்தால் போதும்.

உபயதாரர் பெயர் எழுதிய டியூப் லைட்டில் வெளிச்சத்தைவிடப் பெயர் பெரிதாக இருக்கும் நாட்டில் இதைச் சொல்லத் தயக்கமாக இருக்கிறது. ஆனாலும் சொல்கிறோம், எங்கள் சுவரில் யார் பெயரும் இருக்காது. நிலம் கொடுத்தவர் பெயரே இல்லாத இடத்தில் ஃபேன் கொடுத்தவர் பெயரை எப்படிப் போடுவது? 1948-இல் லண்டன் ஆஸ்பத்திரி ஒன்றில் டேவிட் டாஸ்மா என்ற போலந்து நாட்டு யூதர் புற்றுநோயில் இறந்தார். தன்னைப் பார்க்க வந்துகொண்டிருந்த சிசிலி சாண்டர்ஸ் என்ற பெண்ணுக்கு 500 பவுண்டு எழுதிவைத்தார். நீங்கள் கட்டப்போகும் வீட்டில் நான் ஒரு ஜன்னலாக இருப்பேன் என்று அவரிடம் சொல்லியிருந்தார். சாண்டர்ஸ் அதற்குப் பிறகு மருத்துவமே படித்துவிட்டு, 1967-இல் இதே போன்ற செயின்ட் கிறிஸ்டோபர்ஸ் என்ற ஆதரவு இல்லத்தைத் திறந்தார். எங்களுக்குப் பத்தொன்பது ஆண்டு பொறுமை இல்லை. அடுத்த தைக்குள் கூரை போட நினைக்கிறோம்.

வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர்கள் சிங்கப்பூரிலோ வளைகுடாவிலோ இருந்தாலும் வங்கி வழியாகத் தாராளமாக அனுப்பலாம். வேற்று நாட்டுக் குடியுரிமை பெற்றவர்களிடம் மத்திய அரசின் அனுமதி இல்லாமல் நாங்கள் வாங்கக்கூடாது. அந்த அனுமதி இன்னும் எங்களிடம் இல்லை. அவர்கள் தயவுசெய்து காத்திருக்க வேண்டும். வரிச் சலுகைச் சான்றும் கைக்கு வரவில்லை. வந்தபின் கொடுக்கிறேன் என்பவர்களை நாங்கள் தவறாக நினைக்கமாட்டோம். வரவு செலவுக் கணக்கை மாதாமாதம் ஊராட்சி அலுவலகச் சுவரில் ஒட்டுகிறோம். நின்று படித்துக் கேள்வி கேட்பவர்கள் எங்களுக்கு வேண்டியவர்கள்.

விருந்து ஆடி மூன்றாம் ஞாயிறு, வாய்க்கால் கரைத் தோப்பில். காலை 10 மணிக்கு இலை போடுவோம். கறிச்சோறும் உண்டு, சைவப் பந்தியும் தனியாக உண்டு. ரொக்கம் எவ்வளவானாலும் ரசீது வாங்காமல் நகரவேண்டாம்.

வரும்போது வீட்டில் இருக்கும் பழைய பருத்திப் புடவை, வேட்டி எதுவானாலும் துவைத்துக் கொண்டுவாருங்கள். புண்ணுக்குக் கட்டும் பட்டையாகக் கிழித்து, அவித்து எடுத்துக்கொள்வோம். பாலியெஸ்டர் வேண்டாம், அது ஈரத்தை உறிஞ்சாது. போன முறை இரண்டு மூட்டை வந்து சேர்ந்து, இன்னும் வேனின் பின்சீட்டில் கிடக்கிறது.