படகோனியாவிலிருந்து தம்பி எழுதுவது

புவேர்ட்டோ நடாலெஸ்,
டிசம்பர் 27

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். நீயும் அத்தானும் பிள்ளைகளும் நலந்தானே? சாந்தியாகோவுக்கு வேலைக்கு வந்து இரண்டு ஆண்டுகள் ஆகியும் சிலியின் தென்கோடியிலுள்ள படகோனியாப் பகுதியைப் பார்க்கவில்லையே என்றிருந்த குறை தீர்ந்தது. மலைநடைக்காகப் பத்து நாள் விடுப்பெடுத்துக்கொண்டு நேற்று இங்கு வந்து சேர்ந்தேன்.

புண்டா அரீனாஸில் தரையிறங்கும் முன் விமானம் இருமுறை பக்கவாட்டில் தள்ளாடியது. நான் கைப்பிடியை இறுகப் பற்றினேன். உள்ளூர்க்காரர்களோ கையிலிருந்த செய்தித்தாளிலிருந்து தலையைக்கூட நிமிர்த்தவில்லை. 1520இல் மெகல்லன் கப்பலில் கடந்ததாகப் பள்ளியில் படித்தோமே, அந்த நீரிணையின் கரையில்தான் இவ்வூர் இருக்கிறது. காற்று மிகுந்த நாட்களில் நடப்பவர்கள் பிடித்துக்கொள்வதற்காகத் தெருவோரத்தில் கயிறு கட்டுவார்கள் என்று அலுவலக நண்பர் சொன்னபோது கேலி என்று நினைத்தேன். இப்போது நம்புகிறேன்.

அங்கிருந்து நடாலெஸுக்குப் பேருந்தில் ஏறத்தாழ 250 கிலோமீட்டர், மூன்று மணி நேரப் பயணம். வழிநெடுகப் புல்வெளியும் கம்பிவேலியும் ஆடுகளும்தான். அபூர்வமாகத் தென்பட்ட மரங்கள் எல்லாம், யாரோ ஒரே பக்கமாக வாரிவிட்ட தலைமுடியைப் போல, கிழக்கு நோக்கியே சாய்ந்து வளர்ந்திருந்தன. இந்த அட்சரேகையில் உலகைச் சுற்றிலும் பெரும்பாலும் கடலே இருப்பதால், பசிபிக்கைத் தடையின்றித் தாண்டி வரும் மேற்குக் காற்று முதலில் மோதுவது இந்த மலைகளின்மீதுதான். கோடையில்தான் அதன் வேகம் மிகுதி. சில நாட்களில் மணிக்கு 100 கிலோமீட்டரையும் மிஞ்சுமாம்.

பேருந்திலிருந்து இறங்கிய சிறிது நேரத்திலேயே என் முதுகுப்பையின் மழையுறை பறிபோனது. துரத்திக்கொண்டு ஓடினேன். ஆட்டுமயிர் கொத்துக்கொத்தாகச் சிக்கியிருந்த ஒரு வேலிக்கம்பியில் அது படபடத்துக்கொண்டிருந்தது; எடுத்துப் பார்த்தால் நடுவே ஒரு முழ நீளத்துக்குக் கிழிசல். தங்கும் விடுதியை நடத்தும் அம்மாள் அதைப் பார்த்துச் சிரித்துவிட்டு, உடைமைகள் அனைத்தையும் தடித்த பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டிப் பைக்குள் வைக்கும்படி சொன்னார். இங்கு எல்லோரும் அப்படித்தான் செய்கிறார்களாம். உறை விற்றவர் அதைச் சொல்லவில்லை!

நாளை டோரஸ் டெல் பைனே தேசியப் பூங்காவுக்குச் செல்கிறேன். முகாம்களில் முன்பதிவு இல்லாமல் தங்க முடியாது. திறந்தவெளியில் நெருப்பு மூட்டவே கூடாது. 2011 டிசம்பர் இறுதியில் மூண்ட தீ, இந்தக் காற்றின் துணையோடு ஏறத்தாழ 17,000 ஹெக்டேரை அழித்ததாம். இந்தக் கண்டிப்பு நியாயம்தான் என்றே எனக்குத் தோன்றுகிறது.

இரவு பத்து மணிக்கும் வானில் வெளிச்சம் இருக்கிறது. சன்னல் சட்டங்களோ ஓயாமல் அதிர்கின்றன. பூங்காவுக்குள் பெரும்பாலும் கைப்பேசிச் சமிக்ஞை கிடைக்காது. ஆகவே ஐந்து நாள் என்னிடமிருந்து செய்தி வராவிட்டால் பதற வேண்டாம் என்று அம்மாவிடம் பக்குவமாகச் சொல்லிவை. கிழிந்த உறையைப் பற்றி மட்டும் சொல்லாதே.

அன்புடன்,
உன் தம்பி